பெருந்தமனி அறுவைக்குப் பிறகு 4டி ஃப்ளோ எம்.ஆர்.ஐ.: கேள்வியிலிருந்து அறிக்கை வரை

பெருந்தமனி அறுவை முடிந்து ஆறு மாதம் ஆகிறது. சி.டி. ஆஞ்சியோவில் செயற்கைக் குழாய் வைத்த இடத்தில் ஒழுங்காக இருக்கிறது. தையல் இடங்களில் கசிவு தெரியவில்லை. ஆனால் கீழே மீந்திருக்கும் பொய்க்குழல் (தமனிச் சுவரின் அடுக்குகள் கிழிந்து பிரிந்ததில் உண்டான இரண்டாவது வழி) மட்டும் போன தடவையைவிட 3 மி.மீ. பெருத்திருக்கிறது. ஏன் பெருத்தது, ரத்தம் எந்த வழியாக உள்ளே போகிறது, போன ரத்தத்துக்கு வெளியே வர வழி இருக்கிறதா? சி.டி. இதற்கெல்லாம் பதில் சொல்லாது. அது குழலின் வடிவத்தைக் காட்டும். உள்ளே ஓடும் ரத்தத்தின் திசையையும் வேகத்தையும் காட்டாது. அதைக் காட்டுவதற்கு இருப்பதுதான் 4டி ஃப்ளோ எம்.ஆர்.ஐ.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வடஆற்காடு வட்டாரத்தில் ஸ்கேன் அறையில் வேலை பார்ப்பவர்கள், ரேடியாலஜி, கார்டியாலஜி முதுகலை மாணவர்கள், ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். 1961 வாக்கிலேயே சி.எம்.சி. மருத்துவமனையில் திறந்த இதய அறுவை நடந்த ஊர் வேலூர். வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் காட்பாடிக்கு ரயிலேறி வருகிறவர்கள் ஒரு பக்கம். பக்கத்துக் கிராமங்களிலேயே டாக்ரான் என்ற செயற்கைத் துணிக் குழாயோடும் உலோக வால்வோடும் வருடக்கணக்காக நடமாடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இவர்களைப் பின்தொடர்ந்து பார்ப்பதுதான் அறுவையைவிட நீண்ட வேலை.

படி 1: எந்த அறுவை, என்ன கேள்வி

ரெக்வெஸ்ட் சீட்டில் 'போஸ்ட் ஆப் அயோர்ட்டா, 4டி ஃப்ளோ ப்ளீஸ்' என்று மட்டும் எழுதி வந்தால் ஸ்கேனைத் தொடங்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒவ்வொரு அறுவையும் தனக்கென்று ஒரு சிக்கலை விட்டுவிட்டுப் போகும்.

பென்டால் அறுவையில் (1968இல் வெளியான முறை) வால்வு, வேர்ப்பகுதி, ஏறுதமனி எல்லாம் மாற்றப்பட்டு, இதயத் தமனிகளின் வாய்கள் புதுக் குழாயில் தைக்கப்படுகின்றன. அங்கே தையல் இடத்தில் போலி வீக்கம் (ரத்தம் கசிந்து வெளியே பை கட்டுவது) வரலாம். வால்வைக் காப்பாற்றி வேரை மட்டும் மாற்றும் டேவிட் அறுவையில் வால்வு மீண்டும் ஒழுகுகிறதா என்பது முதல் கேள்வி. டைப் ஏ டிசெக்‌ஷனுக்கு (ஏறுதமனியின் சுவர் கிழிவது) அவசரமாகச் செய்யும் அறுவையில் பெரும்பாலும் ஏறுதமனியை மட்டும் மாற்றுகிறார்கள்; வளைவிலும் இறங்குதமனியிலும் கிழிந்த சுவர் அப்படியே நிற்கும். உயிர் பிழைத்தாயிற்று, நோய் பாதி மீதி. ஸ்டென்ட் கிராஃப்ட் (உலோக வலையோடு சேர்ந்த துணிக் குழாய்) வைத்தவர்களுக்கு எண்டோலீக், அதாவது கிராஃப்ட்டுக்கு வெளியே பையில் ரத்தம் ஓடுவது.

கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். 'கீழ்த் தையலில் புது வாய் (பொய்க்குழலுக்குள் திறக்கும் ஓட்டை) இருக்கிறதா?', 'கிராஃப்ட் மடிந்து அடைக்கிறதா?', 'பொய்க்குழலுக்கு வெளிவழி உண்டா?' என்பது போல. ஸ்கேனில் எந்த வேகத்துக்கு அளவு வைப்பது, எங்கே தளம் (ஓட்டத்தை அளக்கும் குறுக்குவெட்டு) வெட்டுவது, எவ்வளவு நேரம் செலவிடுவது எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்துதான் வரும். கேள்வி இல்லாமல் எடுத்த 4டி ஃப்ளோவில் அழகான வண்ணச் சுழல்கள் கிடைக்கும். கான்ஃபரன்ஸ் ஸ்லைடுக்கு அது போதும். அறுவை மருத்துவருக்குப் போதாது.

படி 2: யாருக்கு இது வேண்டாம்

ரத்த அழுத்தம் சரிகிறது, திடீர் நெஞ்சுவலி, ஒரு காலில் நாடி இல்லை, வயிற்றுவலியோடு லாக்டேட் ஏறுகிறது என்றால் நேரே சி.டி. ஆஞ்சியோ. இப்படிப்பட்டவரை எம்.ஆர். குகைக்குள் அரைமணி நேரம் படுக்க வைப்பது ஆபத்து. கிராஃப்ட்டில் தொற்று என்ற சந்தேகத்துக்கும் இது சரியான சோதனை இல்லை, சி.டி.யும் பெட் சி.டி.யும் அதற்கு உண்டு. இதயத் தமனி வாய்த் தையலில் சின்ன வீக்கமா என்று பார்க்கவும் சி.டி.தான் நல்லது. 4டி ஃப்ளோவின் பிக்செல் அந்த அளவுக்கு நுணுக்கமானது கிடையாது.

உலோகம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இன்று புழக்கத்தில் உள்ள உலோக வால்வுகளோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஆனால் வால்வைச் சுற்றிப் படம் கருத்துப் போகும். நம் ஊர் நோயாளிகள் பலரிடம் இருக்கும் திருவனந்தபுரத்துச் சித்ரா வால்வின் சட்டமும் உலோகக் கலவைதான், அதனால் அங்கேயும் இந்தக் கருப்பு விழும். நிட்டினால் ஸ்டென்ட் கிராஃப்ட்டுக்குள் ஓரளவு படிக்க முடியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிராஃப்ட் என்றால் அந்தப் பகுதியை மறந்துவிடுங்கள், மேலும் கீழும் மட்டும்தான் அளக்க முடியும். எந்த இம்ப்ளான்ட் ஆனாலும் கார்டைப் பார்த்து, மாடலைச் சரிபார்த்த பிறகே உள்ளே அனுப்ப வேண்டும். 1.5 டெஸ்லாவும் 3 டெஸ்லாவும் இரண்டும் கைவசம் இருந்தால், ஸ்டென்ட் உள்ளவர்களுக்கு 1.5 எடுங்கள். 3 டெஸ்லாவில் சிக்னல் கூடும், உலோகக் கருப்பும் கூடும்.

சிறுநீரகம்: கடோலினியம் கொடுத்த பிறகு எடுத்தால் சிக்னல் நன்றாக இருக்கும். எம்.ஆர். ஆஞ்சியோவுக்குக் கொடுத்த மருந்தே இதற்கும் போதும், தனியாக வேண்டாம். இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) 30க்குக் கீழே இருந்தால் எந்த வகை மருந்து என்பதை ரேடியாலஜிஸ்ட் முடிவு செய்யட்டும். மருந்தே இல்லாமலும் எடுக்கலாம், கொஞ்சம் மணல் தூவியதுபோல் வரும், அவ்வளவுதான்.

படி 3: மேசையில்

இதில்தான் பாதி ஸ்கேன்கள் ஜெயிக்கின்றன அல்லது தோற்கின்றன. வாணியம்பாடியிலிருந்து விடிகாலை ரயிலில் வந்த ஒரு பெரியவரிடம் பேசுவதைக் கேளுங்கள்.

"ஐயா, காலையில பி.பி. மாத்திரை போட்டீங்களா?"

"வெறும் வயித்துல வரச் சொன்னாங்களே தம்பி, அதான் போடல."

அவருடைய பி.பி. அப்போது 168/94. பீட்டா பிளாக்கர் விட்டுப்போன உடம்பில் எடுத்த ரத்த ஓட்டத்தை, மாத்திரை போட்டிருந்த போன தடவையோடு ஒப்பிட்டால் எல்லாமே கூடியதாகத் தெரியும். பொய்க்குழலுக்குள் பாய்ச்சல் அதிகமாகிவிட்டது என்று அறிக்கை போகும். ஆகவே முன்பதிவின்போதே, பி.பி. மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். வந்ததும் பி.பி.யும் இதயத் துடிப்பும் குறித்து அறிக்கையின் முதல் வரியில் போடுங்கள்.

அடுத்தது ஈ.சி.ஜி. தழும்பின் மேல் எலெக்ட்ரோடு ஒட்டாது. முடியை மழித்து, தோலைத் தேய்த்து, தழும்புக்கு இடதுபக்கம் ஒட்டுங்கள். இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. காந்தப்புலத்துக்குள் ஓடும் ரத்தம் தானே ஒரு சின்ன மின்னழுத்தத்தை உண்டாக்கும். பெருந்தமனி வளைவில்தான் அது அதிகம். அது ஈ.சி.ஜி.யின் டி அலையில் போய் ஏறிக்கொள்ளும். வெளியே மேசையில் குட்டியாக இருந்த டி அலை, குகைக்குள் போனதும் ஆர் அலைக்குப் போட்டியாக எழுந்து நிற்கும். மெஷின் டி அலையை ஆர் என்று நினைத்து ஒரு துடிப்பை இரண்டாக எண்ணும். திரையில் துடிப்பு 140 என்று காட்டுகிறது, விரல் மானிட்டரில் 70 என்றால் நடப்பது இதுதான். எலெக்ட்ரோடை நகர்த்திப் பாருங்கள், முடியாவிட்டால் விரல் நாடியிலிருந்து கேட்டிங் (ஸ்கேனைத் துடிப்போடு இணைப்பது) எடுங்கள். அறுவைக்குப் பிறகு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அடிக்கடி வரும். அப்படி இருந்தால் துடிப்புக்குத் துடிப்பு மாறுவதை மெஷின் சராசரியாக்கிக் குழப்பிவிடும். எண்களை நம்ப வேண்டாம்.

கேட்டிங் ரெட்ரோஸ்பெக்டிவாக (முழுத் துடிப்பையும் பதிந்து, பிறகு பிரிப்பது) இருக்கட்டும். துடிப்பின் கடைசிப் பகுதியும் பதிவாக வேண்டும். வால்வு ஒழுகுவதும் பொய்க்குழலிலிருந்து ரத்தம் திரும்புவதும் அந்த நேரத்தில்தான்.

மூச்சை அடக்கச் சொல்ல வேண்டாம். நேவிகேட்டர் (மூச்சின் அசைவைக் கண்காணிப்பது) வைத்து இயல்பாக மூச்சு விடச் சொன்னால் போதும். தெலுங்கு, உருது, வங்காளம் என்று எந்த மொழிக்காரர் வந்தாலும், "தூங்கிடாதீங்க, ஆழமா மூச்சு இழுக்காதீங்க" என்பதை அவர் மொழியில் உறவினரைச் சொல்ல வையுங்கள். தூங்கினால் மூச்சின் தாளம் மாறி, பத்து நிமிட ஸ்கேன் இருபது நிமிடமாகும்.

படி 4: வென்க் வைப்பது

வென்க் என்பது மெஷினால் சரியாகப் படிக்க முடிகிற அதிகபட்ச வேகம். இதைத் தாண்டிய ரத்தம் எதிர்த்திசையில் ஓடுவதாகப் பதிவாகும். ஒரு கணக்கு பார்ப்போம். வென்க் 150 செ.மீ./வினாடி. ஒடுங்கிய தையலில் ஜெட் (பீச்சிப் பாயும் ரத்தம்) 220. படத்தில் அது 220லிருந்து 300ஐக் கழித்து, அதாவது −80 என்று விழும். முன்னால் பாயும் ஜெட்டின் நடுவில், பின்னால் ஓடும் நீலப் புள்ளி. பார்க்கிறவர் 'சுழல் இருக்கிறது' என்று எழுதிவிடுவார்.

சரி, எதற்கு வம்பு, 400 வைத்துவிடலாமே? வென்க் ஏற ஏற படத்தின் இரைச்சலும் அதே விகிதத்தில் ஏறும். வினாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் ஊரும் பொய்க்குழல் ரத்தம் அந்த இரைச்சலுக்குள் மூழ்கிப்போகும். 'ஓட்டமில்லை, உறைந்துவிட்டது' என்று தப்பாகப் படிப்போம்.

நான் செய்வது இது. எதிர்பார்க்கும் அதிகபட்ச வேகத்துக்கு 10 சதவீதம் மேலே வென்க். அந்த வேகம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எக்கோ அறிக்கையைப் பாருங்கள், அல்லது ஒரு நிமிடத்தில் ஒரு 2டி தளம் எடுத்துப் பாருங்கள். சாதாரண கிராஃப்ட்டுக்கு 150 முதல் 200 வரை. ஒடுக்கம் சந்தேகம் என்றால் 250 முதல் 400 வரை. பொய்க்குழல்தான் கேள்வி என்றால் 50 முதல் 80 வரை வைத்து இரண்டாவது ஸ்கேன் ஒன்று. இரட்டை வென்க் வசதி மெஷினில் இருந்தால் ஒன்றே போதும். நேரம் இல்லை என்று இரண்டாவது ஸ்கேனை விடுவதைவிட, அழகுக்கு எடுக்கும் வேறு எதையாவது விடலாம்.

மற்ற அளவுகளில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 2015இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்ட நிபுணர் குழு ஒப்புதல் அறிக்கை பெருந்தமனிக்கு எல்லாப் பக்கமும் 2.5 மி.மீ. அளவுள்ள பிக்செலையும், 40 மில்லிவினாடிக்குள் ஒரு பிரேமையும் சொல்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 5: முதலில் கூட்டல், அப்புறம் வண்ணம்

ஸ்கேன் முடிந்ததும் எல்லோருக்கும் ஸ்ட்ரீம்லைன் (ஓட்டத்தைக் காட்டும் வண்ணக் கோடுகள்) பார்க்க ஆசை. கொஞ்சம் பொறுங்கள். முதலில், அசையாத திசுவின் வேகத்தைப் பாருங்கள். முதுகுத் தசையில் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லை என்றால் எடி கரென்ட் (காந்தப்புலம் மாறும்போது மெஷினில் எழும் மின்னோட்டம்) திருத்தம் சரியாக நடக்கவில்லை. அடுத்து அலையாசிங் (வென்க்கைத் தாண்டியது எதிர்த்திசையாகப் பதிவாவது) திருத்தம். பிறகு ஐந்து தளங்கள்: இதயத் தமனிகளுக்கு மேலே ஏறுதமனியில் ஒன்று, வளைவுக் கிளைகள் மூன்றில் ஒவ்வொன்று, இறங்குதமனியின் தொடக்கத்தில் ஒன்று.

ஏறுதமனியில் ஒரு துடிப்புக்கு 72 மி.லி. கிளைகளில் 11, 5, 6. இறங்குதமனியில் 49. கூட்டினால் 71. நன்று, மேலே போகலாம். இதுவே இறங்குதமனியில் 61 வந்திருந்தால் மொத்தம் 83. போனதைவிட வந்தது அதிகம். ரத்தம் வழியில் உற்பத்தியாகாது. எங்கோ அலையாசிங் விட்டுப்போயிருக்கிறது, அல்லது தளம் ஸ்டென்டின் கருப்புக்குள் விழுந்திருக்கிறது. 10 சதவீதத்துக்குள் கூட்டல் வராத டேட்டாவில் வேறு எந்த எண்ணையும் அறிக்கையில் ஏற்றாதீர்கள். கிழிந்த தமனியில் இரண்டு குழல்களையும் சேர்த்துக் கூட்ட மறக்க வேண்டாம்.

படி 6: தையல்களைப் படிப்பது

மேல் தையல், கீழ்த் தையல், கிளைத் தையல்கள் என்று ஒவ்வொன்றாகப் போங்கள். தையலுக்கு வெளியே ஒரு பை, அதன் கழுத்தில் துடிப்பின் முதல் பாதியில் உள்ளே, பின் பாதியில் வெளியே என்று ரத்தம் வந்து போனால் அது போலி வீக்கம். அறிக்கை டைப் ஆகும்வரை காத்திருக்காமல் உடனே அறுவை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

கிராஃப்ட் மடிந்திருந்தால் மடிப்பில் ஜெட், அதற்கு அப்பால் சுழல். அழுத்த வேறுபாட்டுக்கு எளிய கணக்கு, வேகத்தை மீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி நான்கால் பெருக்குவது: வினாடிக்கு 3 மீட்டர் என்றால் 36 மி.மீ. பாதரசம். பிக்செல் பெரிதாக இருப்பதால் உச்ச வேகம் குறைவாகத்தான் பதிவாகும், ஆகவே உண்மை இதற்கு மேல் இருக்கலாம்.

ஒரு குறிப்பு, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அறுவை முடிந்து மாதங்கள் கழித்து ரத்தசோகை, எல்.டி.எச். (சிவப்பணு உடைந்தால் கூடும் நொதி) ஏறியிருக்கிறது, சிறுநீர் கருஞ்சிவப்பு என்று வரும் நோயாளி. வால்வு எக்கோவில் சுத்தம். இரும்புச் சத்து மாத்திரை தொடர்ந்து போகிறது. தையலைப் பலப்படுத்த உள்ளே வைத்த ஃபெல்ட் பட்டை புரண்டு குழலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தாலோ, கிராஃப்ட் மடிந்திருந்தாலோ, அதில் மோதிச் சிவப்பணுக்கள் உடையும். அந்த இடத்து ஜெட்டை 4டி ஃப்ளோ நேராகக் காட்டும்.

படி 7: பொய்க்குழல்

இதற்காகத்தான் இந்தச் சோதனையை வைத்திருக்கிறோம் என்றே சொல்வேன்.

காவேரிப்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியாக நீர் வருகிறது, கலங்கல் வழியாக மிகுதி வழிந்தோடுகிறது, கரை தப்பிக்கிறது. வரத்துக்கால் அகலமாக இருந்து கலங்கல் அடைபட்டால் பாரமெல்லாம் கரைமேல். பொய்க்குழலின் வெளிச்சுவர்தான் அந்தக் கரை. அது ஏற்கெனவே மெலிந்த சுவர். கீழ்ப்பகுதி உறைந்து வெளிவழி அடைபட்ட, மேலே வாய் திறந்த பொய்க்குழலைப் பார்த்துப் பயப்படுவது இதனால்தான். 'பாதி உறைந்திருக்கிறது' என்பது நல்ல செய்தியாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

செய்முறை: முதலில் வாய்களைத் தேடுங்கள். உண்மைக்குழலிலிருந்து பொய்க்குழலுக்குத் தாவும் ஒவ்வொரு ஜெட்டையும் குறியுங்கள். டைப் ஏ அறுவை முடிந்தவர்களில் கீழ்த் தையலிலேயே புது வாய் உண்டாவது அடிக்கடி காணும் சங்கதி. கிழிந்த சுவரில் ஊசி போட்ட இடம் மீண்டும் கிழிகிறது. ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தவர்களுக்கு அதன் கீழ்முனை உரசிப் புது வாய் திறக்கலாம். எந்த வாயை மூட வேண்டும் என்பதை வைத்தே அடுத்த சிகிச்சை அமைவதால், இடத்தை 'இடது சப்கிளேவியனுக்குக் கீழே இத்தனை செ.மீ.' என்று அளந்து எழுதுங்கள்.

அப்புறம் நான்கு மட்டங்களில் இரண்டு குழலிலும் முன்னோட்டம், பின்னோட்டம் இரண்டையும் அளவிடுங்கள்: வளைவு முடியும் இடம், இறங்குதமனி நடு, உதரவிதானம், சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே. பெரிய வாயில் தனியாக ஒரு தளம். அங்கே துடிப்பின் முதல் பாதியில் 20 மி.லி. உள்ளே போய், பின் பாதியில் 8 மி.லி. அதே வாய் வழியாகத் திரும்புகிறது என்றால், போனதில் 40 சதவீதம் திரும்பிவிட்டது. கீழே வழி போதவில்லை என்பதற்கு இது அடையாளம். இந்த விகிதம் கூடியவர்களிடம் தமனி வேகமாகப் பெருக்கிறது என்று சில ஆய்வுகள் காட்டியுள்ளன. நோயாளிகள் எண்ணிக்கை சிறியது என்பதால், இதை வைத்து மட்டும் யாரையும் அறுவை மேசைக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் அடுத்த ஸ்கேனை ஓராண்டு தள்ளிப்போடலாமா, மூன்று மாதத்தில் கூப்பிடலாமா என்று தீர்மானிக்க இது உதவும்.

மூன்றாவதாக, உறைவா மெதுவான ஓட்டமா? சி.டி.யில் சீக்கிரம் எடுத்த படத்தில் மருந்து பொய்க்குழலை எட்டியிருக்காது, உறைவு போலவே தெரியும். குறைந்த வென்க் ஸ்கேனில் அங்கே அசைவு இருந்தால் அது உறைவு இல்லை. கடைசியாக, குடல், ஈரல், இரண்டு சிறுநீரகம் ஒவ்வொன்றுக்கும் ரத்தம் எந்தக் குழலிலிருந்து போகிறது என்று ஒரு சிறிய அட்டவணை போடுங்கள். பொய்க்குழலை அடைக்கும் முன் அறுவைக் குழு முதலில் தேடுவது அதைத்தான்.

எண்டோலீக்கும் இதே தர்க்கம்தான். கிராஃப்ட்டின் முனைகளிலிருந்து பைக்குள் ஜெட் என்றால் டைப் 1. பக்கக் கிளையிலிருந்து பின்னோக்கி வந்தால் டைப் 2. துண்டுகள் சேரும் இடத்திலிருந்தோ துணிக் கிழிசலிலிருந்தோ என்றால் டைப் 3. ஒன்றும் மூன்றும் அவசரம். இரண்டைப் பெரும்பாலும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

வால் ஷியர் ஸ்ட்ரெஸ் (ஓடும் ரத்தம் சுவரை உரசும் விசை) என்று சுவரை வண்ணம் தீட்டிக் காட்டும் வசதி மென்பொருளில் இருக்கும். டாக்ரானின் சுவரில் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று இன்னும் ஒப்புக்கொண்ட வரையறை இல்லை. ஆய்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சிகிச்சை முடிவுக்கு வேண்டாம்.

படி 8: அறிக்கை

முதலில் பி.பி., துடிப்பு, மாத்திரை போட்டாரா, மெஷினின் டெஸ்லா, வென்க், கூட்டல் பிழை சதவீதம். இரண்டாவதாக, படி 1இல் எழுதிய கேள்விக்கு நேர் பதில், ஒரே வாக்கியத்தில். மூன்றாவதாகத் தான் அளவுகள். வால்வு ஒழுகல் இருந்தால் விகிதம்: முன்னே 80, பின்னே 20 என்றால் 25 சதவீதம். உலோக வால்வு இருந்தால் அதன் கருப்பைத் தாண்டி எவ்வளவு மேலே அளந்தீர்கள் என்றும் சேருங்கள். விட்டம் சி.டி.யில் அளந்ததா எம்.ஆரில் அளந்ததா என்று எழுதுங்கள்; இரண்டையும் கலந்து வளர்ச்சிக் கணக்குப் போடுவதுதான் பல பொய் எச்சரிக்கைகளுக்குக் காரணம்.

டிசெக்‌ஷன் மீந்திருப்பவருக்கு 2022 அமெரிக்க வழிகாட்டுதல்படி ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு, பிறகு நிலையாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை படம். ஒவ்வொரு தடவையும் 4டி ஃப்ளோ தேவையில்லை. ஆரம்பத்தில் ஒன்று, அப்புறம் விட்டம் கூடினாலோ அறிகுறி வந்தாலோ எடுங்கள். முதல் தடவை வைத்த வென்க்கையும் தளங்களின் இடத்தையும் நோயாளியின் கோப்பில் பதிந்து வையுங்கள், இரண்டாவது தடவை அதையே வைக்க வேண்டும்.

நோயாளி கையில் கொடுக்கும் குறுந்தகட்டில் சாதாரண படங்கள்தான் இருக்கும். வேகம் பதிந்த ஃபேஸ் டேட்டா பல ஜி.பி. வரும், அது பேக்ஸில் (மருத்துவமனையின் படச் சேமிப்பகம்) அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அசாமுக்கோ திரிபுராவுக்கோ ஊர் திரும்புகிறவருக்கு, தளங்களின் அளவு அட்டவணையை அச்சிட்டு ஃபிலிம் உறைக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிடுங்கள். அங்கே இருக்கும் மருத்துவரிடம் மென்பொருள் இல்லாவிட்டாலும் எண்கள் இருக்கும்.